குளிருக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில், குளிர்காலத்தில் செடிகளைக் காப்பது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் செடி வளர்ப்பவர்களை மனத்தில் கொண்டு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆயினும் அக்கட்டுரை கூறிய இரண்டு யோசனைகள், அதாவது குளிரில் இலை மஞ்சளித்தால் உரத்தைக் கூட்டிக் கொடுக்கலாம் என்பதும், இரவில் செடியின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டால் போதும் என்பதும், அப்படியே பின்பற்றப்பட்டால் நன்மையைவிடத் தீமையே மிகுதியாக விளையும் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இயற்கை முறையில் வளரும் செடி குளிரைத் தாங்குமா தாங்காதா என்பது, பெரும்பாலும் குளிர் வந்து சேர்வதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே மண்ணில் தீர்மானமாகிவிடுகிறது. கடுங்குளிர் இரவில் நாம் செய்யும் அவசர வேலைகளுக்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் முன்கூட்டிச் செய்யத் தவறியதை அவற்றால் ஈடுகட்ட முடியாது.

குளிர்ச்சேதம் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளை நாம் ஒன்றாக்கிவிடுகிறோம். வெப்ப மண்டலத்தில் தோன்றிய தக்காளி, கத்தரி, மிளகாய், வெள்ளரி, வாழை போன்றவை, நீர் உறையும் நிலை வருவதற்கு வெகு முன்னரே, ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல மணி நேரம் நின்றாலே பாதிக்கப்படத் தொடங்குகின்றன. அவற்றின் உயிரணுச் சவ்வுகளிலுள்ள கொழுப்புப் பொருள்கள் குளிரில் இறுகிவிடுவதால் சவ்வின் வேலை குலைகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் இலை துவள்கிறது, நீர் கோத்தது போன்ற திட்டுகள் தோன்றுகின்றன, வளர்ச்சி நின்றுவிடுகிறது. இரவு வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தக்காளியில் மகரந்தம் சரிவர உருவாகாமல் பூக்கள் பிஞ்சு பிடிக்காமலே உதிர்வதும் இதைச் சார்ந்ததே. மற்றொன்று, உறைபனியால் நேரும் சேதம். முட்டைக்கோசு, பாலக்கீரை, கேரட், பூண்டு, பட்டாணி போன்ற குளிர்ப்பருவப் பயிர்கள் முதல் வகைக் குளிரைப் பொருட்படுத்துவதே இல்லை. உறைபனியையும் ஓரளவுக்குத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே எந்தச் செடி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைச் சொல்வது சரியாகாது. குளிர் மிகுந்த மாதங்களில் மிளகாய்ச் செடியை வெளியில் காப்பாற்ற முயல்வதைவிட, அந்த இடத்தில் குளிரை விரும்பும் பயிரை விதைப்பது பல நேரங்களில் அறிவுடைய செயலாக இருக்கும்.

உறைபனியின்போது செடிக்குள் நடப்பதை அறிந்துகொண்டால் அதன் பிறகு செய்ய வேண்டியவை பெரும்பாலும் தாமாகவே விளங்கும். பனிக்கட்டி முதலில் உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றுக்கு இடைப்பட்ட வெளிகளில்தான் உருவாகிறது. அங்கே கட்டி வளர வளர, உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியே இழுக்கப்படுகிறது. எனவே உறைபனியில் வாடும் செடி உண்மையில் நீர் வற்றித்தான் வாடுகிறது. உயிரணுவுக்குள்ளேயே பனிக்கட்டி தோன்றிவிட்டால் அந்த உயிரணு பிழைப்பதில்லை. இதில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. தூய நீர்த்துளி சுழியம் டிகிரிக்கு வெகு கீழே போகும் வரை திரவமாகவே இருக்க வல்லது. அது கட்டியாவதற்கு ஏதேனும் ஒரு கரு வேண்டும். இலைப்பரப்பில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியா அப்படிப்பட்ட கருவாகச் செயற்பட்டு, மைனஸ் 2 டிகிரி அளவிலேயே நீரை உறையச் செய்துவிடுகிறது என்பது 1970களில் கண்டறியப்பட்டது. நோயுற்ற இலைகளைப் பருவத்தோடு அகற்றிச் செடியைத் தூய்மையாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறைபனியால் உயிரணுக்களில் நேரும் இந்த வறட்சியைத் தாங்கும் ஆற்றலைச் செடி தானாகவே வளர்த்துக்கொள்கிறது. பகற்பொழுது குறுகத் தொடங்கி, உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிர் சில வாரங்கள் தொடர்ந்தால், செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி உயிரணுக்களில் சேர்க்கிறது. சவ்வுகளின் கொழுப்பு அமைப்பும் குளிரில் இறுகாதபடி மாறுகிறது. பனிக்குப் பின் பறிக்கும் கேரட்டும் முட்டைக்கோசும் கூடுதலாக இனிப்பது இதனால்தான். இந்தப் பதப்படுதலுக்கு நாள்கள் தேவை என்பதையும், இடையில் சில நாள்கள் வெப்பமாக அமைந்துவிட்டால் சேர்த்த வலிமை விரைவாகக் கரைந்துவிடும் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். பருவத்தின் முதற்குளிரும், வெதுவெதுப்பான நாள்களை அடுத்துத் திடீரென்று வரும் குளிரும் மிகுந்த சேதம் விளைவிப்பதற்குக் காரணம் இதுவே. வீட்டுக்குள்ளோ கண்ணாடிக் கூரையின் கீழோ வளர்ந்த நாற்றுகளை, நடுவதற்கு முன் ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை, முதலில் ஒன்றிரண்டு மணி நேரமும் பின்னர் படிப்படியாகக் கூடுதல் நேரமும் வெளியில் வைத்துப் பழக்க வேண்டும் என்று சொல்வதும் இதே அடிப்படையில்தான். இவ்வேலையைச் சுருக்கிக்கொள்பவர்கள் நாற்றுகளை இழப்பதைப் பார்க்கும்போது மிகுந்த வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் இதற்குத் தேவைப்படுவது சற்றுப் பொறுமை மட்டுமே.

பதப்படும் காலத்தில் செடிக்குத் தழைச்சத்தை (நைட்ரஜனை) வாரி வழங்குவது அந்த முயற்சியைக் கெடுப்பதாகும். குளிர் நெருங்கும் வாரங்களில் புதுச்சாணம், கோழி எரு, புண்ணாக்குக் கரைசல் ஆகியவற்றை மிகுதியாக இட்டால், செடி மென்மையான, நீர் மிகுந்த தளிர்களை விடுகிறது. கண்ணுக்குச் செழிப்பாகத் தோன்றும் அந்தத் தளிர்களே முதற்பனியில் கருகுகின்றன. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் அவற்றையே முதலில் நாடி வருகிறது. இயற்கை உரம் எவ்வளவு இட்டாலும் தீங்கில்லை என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதால் இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தழைச்சத்து எந்த வழியாக வந்தாலும் செடிக்குள் செய்யும் வேலை ஒன்றே. முதற்பனி எதிர்பார்க்கப்படும் நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தழைச்சத்து மிகுந்த ஊட்டங்களை நிறுத்திவிட்டு, நன்கு மக்கிய உரத்தை மட்டும் அளவாக இடுவது நல்லது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவான செடி குளிரையும் வறட்சியையும் தாங்குவதில் பின்தங்குகிறது என்பதால், மண் புளிப்புத் தன்மை உடையதாக இருந்தால் விறகுச் சாம்பலைச் சிறிதளவு தூவிக் கிளறிவிடலாம். ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணில் சாம்பல் இடுவது கேடு செய்யும்.

இனி, கட்டுரை கூறிய முதல் யோசனைக்கு வருகிறேன். குளிரில் செடி மஞ்சளிப்பதும், இலையின் அடிப்புறம் ஊதா நிறம் கொள்வதும் பெரும்பாலான நேரங்களில் மண்ணில் சத்து இல்லாததால் நிகழ்வதில்லை. இயற்கை முறையில் நாம் இடும் தொழு உரமும் மக்கு உரமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்ட பின்னரே செடிக்கு உணவாகின்றன. மண்ணின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, தழைச்சத்தை வேர் எளிதில் உறிஞ்சும் நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலை வெகுவாகக் குறைகிறது; 5 டிகிரி அளவில் ஏறத்தாழ நின்றே போகிறது. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) மண்ணில் மிக மெதுவாக நகரும் பொருள். வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். குளிர்ந்த மண்ணில் வேரின் வளர்ச்சி தளர்வதால், மணிச்சத்து அருகிலேயே இருந்தும் செடிக்கு எட்டாமல் போய் இலை ஊதாவாகிறது. இந்நிலையில் மேலும் மேலும் உரம் கொட்டினால் அது சிதையாமல் கிடக்கும். மண் வெப்பமடைந்ததும் ஒரேயடியாகக் கரைந்து, செடி வேண்டாத அளவு தழைச்சத்தைப் பெறும், அல்லது மழையோடு வீணாக அடித்துச் செல்லப்படும். மண் வெப்பமடையும் வரை காத்திருந்தால் பெரும்பாலான செடிகள் தாமாகவே பச்சை திரும்புவதைக் காணலாம். குளிரால் வந்த மஞ்சளையும் பசியால் வந்த மஞ்சளையும் பிரித்தறிய ஓர் எளிய வழி, மண்ணின் வெப்பநிலையைப் பார்ப்பதுதான். காலையில் நான்கு அங்குல ஆழத்தில் ஒரு சாதாரண வெப்பமானியைச் செருகிப் பார்க்கும் பழக்கம் நம் தோட்டக்காரர்களிடம் பரவினால் பெருமளவு உரம் மிச்சமாகும்.

எனவே மண்ணுக்குச் செய்ய வேண்டியதைக் கோடையிலும் மழைக்காலத்திலுமே செய்துவிட வேண்டும். காய்ந்த இலை, வைக்கோல் போன்ற கரிமச்சத்து மிகுந்தவற்றையும், பச்சைத் தழை, காய்கறிக் கழிவு, சாணம் போன்ற தழைச்சத்து மிகுந்தவற்றையும், கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25 அல்லது 30க்கு 1 என்று அமையுமாறு கலந்து குவித்தால், குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிவது அந்தச் சூட்டில்தான். சூடு தணிந்த பிறகும் சில வாரங்கள் விட்டுவைத்து, கையில் எடுத்தால் மண்வாசனை வீசும் பதத்தில் இடுவதே முறை. இப்படி ஆண்டுதோறும் மக்கு சேர்ந்த மண் பொலபொலப்பாகி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே மிகுந்த நீரை வடித்தும் விடுகிறது. குளிர்காலத்துக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதைக் கீழே விளக்குகிறேன். வெற்றிடமாகக் கிடக்கும் பாத்திகளில் பயறு வகைச் செடிகளையோ தீவனப் புல்லையோ விதைத்து வைத்தால், மண் அரிக்காமல் இருப்பதோடு, வேரைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்களும் குளிர்காலம் முழுவதும் பட்டினி கிடக்காமல் பிழைத்திருக்கும்.

குளிர் இரவில் செடி வெப்பத்தை இழப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. மேகமற்ற, காற்று அசையாத இரவில், மண்ணும் இலைகளும் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானை நோக்கி இழக்கின்றன. அவ்வாறு இழந்த இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துபோகிறது. மேகம் இருந்தால் அது அக்கதிர்வீச்சின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது; மெல்லிய காற்று வீசினால் மேலடுக்கிலுள்ள வெப்பமான காற்று கீழே கலக்கிறது. காற்றில் ஈரம் போதிய அளவு இருந்தால், அது இலையில் பனித்துளியாகத் திரளும்போது வெளிவிடும் வெப்பமும் குளிர்தலைத் தாமதப்படுத்துகிறது. இவை மூன்றும் இல்லாத இரவில், செடிக்குள்ள ஒரே வெப்ப ஊற்று, பகலில் வெயிலை வாங்கிச் சேமித்த மண்தான். காய்ந்த மண்ணின் இடைவெளிகளில் காற்று நிரம்பியிருப்பதால் அது வெப்பத்தைச் சேமிப்பதும் குறைவு, மேலே அனுப்புவதும் குறைவு. ஈரமான மண் இரண்டையும் நன்றாகச் செய்கிறது. பகலிரவு வெப்ப ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் உணரப்படுகிறது. ஆகையால் அந்த ஆழம் வரை மண்ணை, சேறாகாமல், ஈரமாக வைத்திருப்பது உறைபனிக்கு எதிரான மிக எளிய காப்பு. குளிர் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு ஓரிரு நாள்கள் முன்னரே, காலை வேளையில் நீர் பாய்ச்சினால், மண் வெயிலை வாங்கிக்கொள்ளப் போதிய நேரம் கிடைக்கும்.

மண்ணின் மேல் வைக்கோல், சருகு போன்றவற்றைப் பரப்பி இடும் மூடாக்கைப் பற்றி நிலவும் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. மூடாக்கு குளிரிலிருந்து காக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைக் காக்கும் என்று எவரும் சொல்வதில்லை. வைக்கோலும் சருகும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. எனவே அவை மண்ணின் வெப்பத்தை மண்ணிலேயே நிறுத்தி, வேரையும் கிழங்கையும் நுண்ணுயிர்களையும் நன்றாகக் காக்கின்றன. அதே காரணத்தால், மண்ணிலிருந்து மேலெழும் வெப்பம் இலைகளைச் சென்றடையாமல் தடுத்தும் விடுகின்றன. பகலில் மண் வெயிலை வாங்குவதையும் குறைக்கின்றன. தரையை ஒட்டி வளரும் இளநாற்றுகளைச் சுற்றிக் காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பியிருந்தால், வெறும் ஈரமண்ணில் நிற்கும் நாற்றுகளைவிட அவை முன்னதாகக் கருகக்கூடும். ஆகவே பல்லாண்டுச் செடிகள், பழமரங்கள், கிழங்குப் பயிர்கள் ஆகியவற்றுக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் வரை மூடாக்கு இட்டு அப்படியே விட்டுவிடலாம். தண்டை ஒட்டிச் சில அங்குலம் இடைவெளி விட்டால் பட்டை அழுகாது. மென்மையான நாற்றுகளின் பாத்தியில், வெயில் நன்றாக உள்ள நாளில் மூடாக்கை விலக்கி மண்ணைச் சூடேற விட்டு, இரவில் செடிக்கு மேலே துணிப் போர்வை இடுவதே பொருத்தம். மண் உறைந்தும் உருகியும் மாறிமாறி வரும் கடுங்குளிர்ப் பகுதிகளிலோ, மண் நன்கு குளிர்ந்த பிறகு மூடாக்கு இடுவது வழக்கம். உறைந்து விரியும் மண் புதிதாக நட்ட செடியை வேரோடு மேலே தள்ளிவிடாமல் அது தடுக்கிறது. ஒரே பொருள் இடத்துக்கும் செடிக்கும் ஏற்ப இவ்வளவு வேறுபட்ட விளைவுகளைத் தருகிறது என்பதைப் பொதுவான ஓர் அறிவுரையால் சொல்லிவிட முடியாது.

போர்வையின் பயனும் மண்ணின் வெப்பத்தைப் பொறுத்ததே. அது தானாக வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை. மண்ணிலிருந்து எழுவதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. எனவே பழைய பருத்தித் துணி, சாக்கு, மெல்லிய நெய்யாத் துணி ஆகியவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் அது நான்கு பக்கமும் தரை வரை இறங்கி, ஓரங்களில் மண்ணாலோ கல்லாலோ அழுத்தப்பட்டிருக்க வேண்டும். செடியின் தலையில் முக்காடு போட்டுத் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால், மண்ணின் வெப்பம் வெளியிலேயே போய்விடும். பிளாஸ்டிக் தாளில் இருக்கும் குறை, அது இலையைத் தொடும் இடத்தில் குளிர் நேரடியாக இலைக்குக் கடத்தப்பட்டு அந்தப் பகுதி கருகிவிடுவது. அதைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் குச்சிகளை நட்டு, செடியைத் தொடாதபடி கூடாரமாக அமைக்க வேண்டும். பொழுது விடிந்து வெயில் ஏறியதும் எடுத்துவிடவும் வேண்டும். மூடிய பிளாஸ்டிக்கினுள் சில மணி நேரத்தில் செடி வெந்துவிடும் அளவுக்குச் சூடேறும், ஈரம் தேங்கிப் பூஞ்சையும் வளரும். போர்வைக்குள் நீர் நிரப்பிய குடங்களையோ பெரிய பாட்டில்களையோ வைப்பது நல்ல முறை. ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி குளிரும்போது ஒரு கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது; அதுவே உறையும்போது ஏறத்தாழ 80 கலோரியை வெளிவிடுகிறது.

இந்த 80 கலோரியை நம்பித்தான் பெரிய பழத்தோட்டங்களில் இரவு முழுவதும் மரங்களின் மேல் நீரைத் தெளிக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தெளிப்பு இடையில் நின்றுவிட்டால், இலையிலுள்ள நீர் ஆவியாகும்போது, உறைதலில் கிடைத்ததைப் போல் 7 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை இலையிலிருந்து எடுத்துக்கொள்ளும். பனிக்கட்டி முற்றிலும் உருகும் வரை தடையின்றித் தெளித்துக்கொண்டே இருக்க முடியாதவர்களுக்கு அது பெருத்த சேதத்தையே தரும்.

வெயில் படும் சுவர், பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிடுவதால் அதன் அடியில் உள்ள செடிகள் சற்றுப் பாதுகாப்பாக இருக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் நீரைப் போல் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மென்மையான செடிகளைப் பள்ளத்தில் நடுவதையும், சரிவின் கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலி அமைத்து அக்காற்றை வெளியேற விடாமல் அடைப்பதையும் தவிர்க்க வேண்டும். காற்று பலமாக வீசும் குளிரில் போர்வைகளால் பயன் குறைவு. அங்கே தேவைப்படுவது காற்றுத் தடுப்பு. அதுவும் முழுச் சுவராக இல்லாமல், ஏறத்தாழப் பாதிக் காற்றைக் கசிய விடும் உயிர்வேலியாக இருந்தால், சுழற்காற்று உண்டாகாமல், தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவு வரை பயன் தரும்.

தொட்டிச் செடிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பொதுவாக வேர், தண்டைவிடக் குளிரைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. நிலத்தில் உள்ள வேரை மண் காக்கிறது. தொட்டியிலோ குளிர் எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வைத்து, வெளிப்புறத்தில் சாக்கைச் சுற்றி, இடைவெளிகளில் சருகைத் திணிப்பது பலனளிக்கும். நீரூற்றும் அளவும் மாற வேண்டும். குளிரில் செடி நீரைக் குறைவாகவே செலவிடுகிறது. கோடைக்கால வழக்கப்படி நாள்தோறும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகல் பூஞ்சைகள் பெருகுகின்றன. குளிரில் இறந்ததாக நாம் எண்ணும் தொட்டிச் செடிகளில் கணிசமானவை நீர் தேங்கி வேர் அழுகியே இறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும், காலையில் ஊற்றுவது போதும். முன்னர்க் கூறிய ஈரமண் காப்பும் இதுவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று தோன்றலாம். மக்கு நிறைந்த, நன்றாக வடியும் மண்ணில் இவை முரண்படுவதில்லை. வடிகால் இல்லாத களிமண்ணில்தான் இரண்டையும் ஒருங்கே பேண இயலாமல் போகிறது. அத்தகைய இடங்களில் மேட்டுப்பாத்தி அமைத்துக்கொள்வது நல்லது.

பூச்சி, நோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெய் குளிரில் இறுகிவிடும்; அப்படியே கலந்தால் நீரில் பரவாமல் திட்டுத்திட்டாக இலையில் படிந்து தீய்த்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, உறைபனி எதிர்பார்க்கப்படாத நாளில், இலை மாலைக்குள் உலர்ந்துவிடும்படி முற்பகலில் தெளிக்க வேண்டும். சாம்பல் பூசணத்துக்கும் நாற்றழுகலுக்கும் மருந்தைவிடச் செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுவதே முதன்மையானது. தோட்டத்தைக் குளிருக்கு முன் துடைத்து வைத்தாற்போல் பெருக்கிவிடுவதையும் கைவிட வேண்டும். பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகள் சருகுக்கடியிலும் காய்ந்த தண்டுகளுக்குள்ளும்தான் குளிரைக் கழிக்கின்றன. நோயுற்ற பகுதிகளை மட்டும் அகற்றினால் போதும்.

பனி தாக்கிய மறுநாள் கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குள் இறங்குவதுதான் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. கருகிய கிளைகளை உடனே வெட்டினால், உள்ளே உயிரோடு இருக்கும் மொட்டுகள் அடுத்த பனிக்கு நேராக வெளிப்படுகின்றன; கவாத்து புதுத்தளிர்களைத் தூண்டுவதால் அவையும் அடுத்த குளிரில் கருகுகின்றன. எது செத்தது, எது பிழைத்தது என்பது முதல் சில நாள்களில் தெரியாது. குளிர்ப்பருவம் முடிந்து புதுத்துளிர் வரும் வரை பொறுத்திருந்து, பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்த்து, பச்சை தெரியும் இடத்துக்கு மேலே வெட்டினால் போதும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறியப்படும் செடிகளில் வேர் உயிரோடு இருப்பவை உண்டு. அவற்றுக்கு ஒரு பருவம் அவகாசம் கொடுக்கும்படி வாசகர்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் உரம் வேண்டாம். மண் காய்ந்திருந்தால் அளவான நீர் மட்டும் போதும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. தோட்டப் பகுதியில் வரும் குளிர்காலக் குறிப்புகள், குளிர் தொடங்கிய பிறகு வெளிவருவதால் வாசகர்களுக்கு எஞ்சுவது போர்வை ஒன்றுதான். மக்கு உரம் தயாரிப்பதைக் கோடையிலும், தழைச்சத்தை நிறுத்துவதையும் நாற்றுகளைப் பழக்குவதையும் குளிருக்கு இரண்டு மாதங்கள் முன்னரும், மூடாக்கையும் போர்வையையும் குளிர் நெருங்கும்போதும் எழுதினால், ஒவ்வொன்றும் செய்யத்தக்க காலத்தில் மக்களைச் சென்றடையும். மற்றொன்று, வானிலைப் பகுதியைப் பற்றியது. அதில் வெளியாகும் குறைந்தபட்ச வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழற்கூட்டுக்குள் அளக்கப்படுவது. தெளிந்த, காற்றற்ற இரவில் தரையை ஒட்டிய இலைகள் அந்த அளவைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கக்கூடும் என்பதால், 3 அல்லது 4 டிகிரி என்று அச்சிடப்பட்ட நாளிலும் செடிகள் உறையலாம். குளிர்ப்பருவத்தில் மட்டுமாவது, அந்த ஓர் எண்ணோடு இரவின் மேகமூட்டம், காற்றின் வேகம், பனித்துளி திரளத் தொடங்கும் வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிட்டால், அன்றிரவு எந்தப் பாத்தியை மூட வேண்டும் என்பதைத் தோட்டக்காரர் மாலையிலேயே தாமாக முடிவு செய்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்